சாலைப் போக்குவரத்தும் தலைக்கு மேலுள்ள இடைவெளியும்

சாலைகளைப் பற்றிய புள்ளிவிவரங்களில் நீளம் முதலிடம் பெறுகிறது; அகலம் அடுத்து வருகிறது. ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர் புதிதாகப் போடப்பட்டது, எத்தனை கிலோமீட்டர் இருவழியிலிருந்து நான்குவழியாக மாறியது என்பவை ஆண்டறிக்கைகளில் தவறாமல் இடம் பெறுகின்றன. மூன்றாவது அளவாகிய உயரம், அதாவது சாலையின் மேற்பரப்புக்கு மேலே தடையின்றி இருக்கும் வெற்றிடம், அத்தகைய கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும் உயரமான வண்டி ஒன்று குறித்த ஊரைச் சென்றடையுமா என்பதை வழியிலுள்ள மிகத் தாழ்ந்த பாலமே தீர்மானிக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்தரை மீட்டர் இடைவெளி இருந்து, ஒரேயோர் இடத்தில் மட்டும் மூன்றரை மீட்டர் இருக்குமானால், அந்த வண்டியைப் பொறுத்தவரை அது மூன்றரை மீட்டர்ச் சாலையே.

இதன் விளைவை அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டுகிறது. திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காக மகாராஷ்டிரத்தின் அம்பர்நாத்திலிருந்து ஒரு பெரிய ஆட்டோகிளேவ் 2019 ஜூலையில் புறப்பட்டது. விண்வெளிக் கலங்களுக்கான கூட்டுப்பொருள்களை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பதப்படுத்தும் உருளை வடிவக் கலன் அது. எடை சுமார் 70 டன், உயரம் 7.5 மீட்டர், அகலம் 6.65 மீட்டர். 74 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றப்பட்ட அக்கலன் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது 2020 ஜூலையில். சாதாரண லாரி ஒரு வாரத்துக்குள் கடக்கும் தொலைவுக்கு ஓர் ஆண்டு பிடித்தது. இடையில் கொரோனா ஊரடங்கு குறுக்கிட்டது உண்மையே. ஆனால் பயணத்தின் மெதுவான நடைக்கு முதற்காரணம் பருமன். வழியில் மரக்கிளைகள் வெட்டப்பட்டன. மின்கம்பிகள் கழற்றப்பட்டு, வண்டி கடந்தபின் மீண்டும் கட்டப்பட்டன. சில பாலங்கள் வலுப்படுத்தப்பட்டன. இந்தச் செலவுகளில் எதுவும் கலனின் விலைப்பட்டியலில் சேராதவை.

இது விதிவிலக்கான சரக்கு எனலாம். ஆனால் மின்நிலைய டிரான்ஸ்பார்மர்கள், சுத்திகரிப்பு ஆலைகளின் கோபுரக் கலன்கள், காற்றாலைத் தூண்களின் அடிப்பகுதிகள் ஆகியவை அனைத்தும் ஓரளவுக்கு இதே சிக்கலைச் சந்திப்பவை. தொழிற்சாலையை எங்கே அமைப்பது என்று முடிவு செய்கையில் நிலம், நீர், மின்சாரம் ஆகியவற்றோடு, இயந்திரத்தை அங்கே கொண்டு போக முடியுமா என்பதும் ஒரு கேள்வியாகிறது. முடியாவிட்டால் இயந்திரத்தைத் துண்டு துண்டாகச் செய்து, வேலைத்தலத்தில் பற்றவைத்து இணைக்க வேண்டும். அதற்குச் செலவு கூடும். தரமும் பட்டறையில் கிடைப்பதற்கு ஈடாகாது.

சட்டம் கூறும் அளவுகள்

வண்டியின் உயரத்தை வரையறுப்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அவற்றின் 93-ஆவது விதிப்படி, இரண்டடுக்கு வண்டிகள் நீங்கலாக ஏனையவற்றின் உயரம் 3.8 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது பொது வரம்பாக இருந்தது. இரண்டடுக்கு வண்டிக்கு 4.75 மீட்டர். 2020 ஜூன் மாதத்தில் செய்யப்பட்ட திருத்தத்தில், பன்னாட்டு அளவுகளுக்கு இணையாகச் சரக்கு வண்டிகளின் வரம்பு 4 மீட்டராக உயர்த்தப்பட்டது. வரம்புக்கு மேல் சரக்கு உயர்ந்து நிற்குமானால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். அதிகப்படிச் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சாரும்.

சாலைக்கு மேலுள்ள கட்டுமானத்தின் உயரத்தை வரையறுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ். 1934-இல் தோற்றுவிக்கப்பட்ட இவ்வமைப்பு 1974-இல் வெளியிட்ட தரநிலை ஒன்றில், வாகனங்கள் செல்லும் கீழ்ப்பாதைகளில் குறைந்தது 5 மீட்டர் செங்குத்து இடைவெளி வேண்டும் என்றும், நகர்ப்புறங்களில் இரண்டடுக்குப் பஸ்கள் செல்ல வேண்டியிருப்பதால் அதனை 5.5 மீட்டராக்க வேண்டும் என்றும் கூறியது. பின்னர் தேசிய நெடுஞ்சாலைகளில் 5.5 மீட்டர் என்பதே வழக்கமாயிற்று. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையிலும் சாலைக்கு மேலே 5.525 மீட்டர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. கால்நடைகளும் பாதசாரிகளும் கடக்கும் சிறு கீழ்ப்பாதைகளுக்கு 3 மீட்டர் போதும் என்று நெடுஞ்சாலைக் கையேடுகள் கூறியிருந்தன. யானையோ ஒட்டகமோ அடிக்கடி கடக்கும் இடமானால் 4.5 மீட்டர் வேண்டும் என்ற குறிப்பும் அவற்றில் உண்டு. ராஜஸ்தானத்தின் கிராமங்களை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள்.

வண்டிக்கு 4 மீட்டர், பாலத்துக்கு 5.5 மீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர் மிச்சம் இருக்கிறதே, பின் ஏன் மோதல்கள் நிகழ்கின்றன என்று கேட்கலாம். அந்த ஒன்றரை மீட்டரைக் காக்க வேண்டியவர் யார் என்பது தெளிவாக இல்லை என்பதே விடை. வண்டியின் உயரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொறுப்பு. சாலையின் மேற்பரப்பு நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. மின்கம்பி மின் வாரியத்துக்கு உரியது. ரயில் பாலம் ரயில்வேயைச் சேர்ந்தது. ஊர் எல்லையில் நிற்கும் வரவேற்பு வளைவு உள்ளாட்சி மன்றத்தால் கட்டப்பட்டது. ஒவ்வொரு துறையும் தன் அளவை மட்டும் கவனிக்கிறது. இடையிலுள்ள வெற்றிடத்தைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் அளந்து வைக்கும் கடமை இவர்களில் ஒருவருக்கும் தனியாக வகுக்கப்படவில்லை.

இடைவெளி குறையும் விதம்

பாலம் தாழ்வதில்லை, சாலை உயர்கிறது. தார்ச்சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பின் மீதே 40 மில்லிமீட்டர் கனமுள்ள கலவை பரப்பப்படுகிறது என்று கொள்வோம். ஐந்தாண்டுக்கு ஒரு முறை இவ்வாறு செய்தால், இருபத்தைந்து ஆண்டுகளில் சாலை 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. வலுப்படுத்தும் அடுக்கு இடையில் ஒரு முறை சேர்ந்தால் இன்னும் கூடும். ஆனால் பாலத்தின் நெற்றியில் எழுதப்பட்ட எண் அப்படியே இருக்கிறது. சிவப்பு வட்டத்துக்குள் மேலும் கீழும் முக்கோணங்களுடன் காணப்படும் அந்த எண், அது எழுதப்பட்ட நாளின் உண்மையையே கூறுகிறது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடும் முறை இப்போது கிடைக்கிறது. பாலங்களுக்குக் கீழேயாவது அம்முறையைக் கட்டாயமாக்குவது பெருஞ்செலவான காரியம் அன்று.

கீழ்ப்பாதைகள் பெரும்பாலும் பள்ளமாக இறங்கி ஏறுபவை. நீண்ட வண்டி பள்ளத்தில் இருக்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் இரு சரிவுகளில் நிற்க, நடுப்பகுதி சாலையிலிருந்து மேலெழுகிறது. எவ்வளவு எழும் என்பதை மாணவர்கள் எளிதில் கணக்கிடலாம்: சக்கரங்களுக்கிடையேயுள்ள தூரத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். சக்கர இடைவெளி 12 மீட்டர், வளைவின் ஆரம் 200 மீட்டர் எனில் எழுச்சி 9 சென்டிமீட்டர். நேரான சாலையில் 4 மீட்டராக இருந்த வண்டி, பாலத்தின் அடியில் 4.09 மீட்டராகிவிடுகிறது.

லாரி ஓட்டுநர்கள் அனுபவத்தில் அறிந்த மற்றொன்றும் உண்டு. கனமான சரக்கோடு பாலத்தைக் கடந்து போன வண்டி, வெறுமையாகத் திரும்பும்போது அதே பாலத்தில் சிக்கிக்கொள்வதுண்டு. சுமை இறங்கியதும் வில்தகடுகள் நிமிர்கின்றன. மேற்கூடு சில சென்டிமீட்டர் உயர்கிறது. அவ்வேளையில் டயர்களில் காற்றை இறக்கிவிட்டு வண்டியை மெல்ல வெளியே இழுப்பதே கைகண்ட வழி.

வளைவு வடிவிலான பழைய செங்கல் பாலங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நடுவில் உயரம் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும் இருக்கும். சட்டப்படி இடப்புறமாகவே செல்லும் வண்டியின் மேல்மூலை வளைவில் உரசும். சாலையின் நடுவே சென்றால் எதிரே வரும் வண்டியோடு மோதும். இத்தகைய இடங்களில் ஒரே எண்ணை எழுதி வைப்பது வழிகாட்டுதல் ஆகாது.

ஆற்றுப் பாலங்களின் வரலாறும் இங்கு நினைவுகூரத்தக்கது. சோன் ஆற்றின் மீது பீகாரிலுள்ள கோயில்வர் பாலம் 1862-இல் திறக்கப்பட்டது. டில்லியில் யமுனையின் மீதுள்ள பழைய இரும்புப் பாலம் 1866-இல் கட்டப்பட்டது. இரண்டிலும் ரயில் மேலே, சாலை கீழே. அக்காலத்தில் சாலையில் சென்றவை மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளுமே. ஆதலால் இரும்புக் கூண்டுக்குள் சாலையை அடைத்ததில் குறை காண்பதற்கில்லை. ஆனால் லாரி வந்தபின் அக்கூண்டு அதன் உயரத்தைக் கட்டுப்படுத்தும் கூரையாயிற்று. மொகாமாவில் கங்கையின் மீது 1959-இல் அமைந்த ராஜேந்திரா பாலத்திலும், ராஜமுந்திரியில் கோதாவரியின் மீது 1974-இல் அமைந்த பாலத்திலும், அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின் மீது 2018-இல் திறக்கப்பட்ட போகிபீல் பாலத்திலும் இந்த ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டது. ரயில் கீழே சென்றது. சாலை மேலே திறந்த வானத்தின் அடியில் அமைந்தது. ரயில் பெட்டியின் உயரம் திட்டமாக வரையறுக்கப்பட்டது. சாலையில் நாளை எது வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே கூரை ரயிலுக்கு இருப்பதே பொருத்தம்.

ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில்

மின்மயமான ரயில் பாதையைச் சாலை சமதளத்தில் கடக்கும் இடங்களில், கேட்டுக்கு இருபுறமும் குறுக்குச் சட்டத்துடன் கூடிய கம்பங்கள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பர். இவையே உயர அளவுக் கம்பங்கள். அவற்றின் அடியில் உள்ள இடைவெளி 4.67 மீட்டர். அதற்கு அப்பால் 25,000 வோல்ட் மின்சாரம் பாயும் கம்பி, தண்டவாளத்திலிருந்து குறைந்தது 5.5 மீட்டர் உயரத்தில் செல்கிறது. உயர் அழுத்த மின்சாரம் கம்பியைத் தொட்டால்தான் பாயும் என்பதில்லை; போதிய அளவு நெருங்கினாலே தாவும். ஆகவே 83 சென்டிமீட்டர் வித்தியாசம் வீணான எச்சரிக்கை அன்று. குறுக்குச் சட்டத்தில் மோதி நிற்கும் வைக்கோல் லாரிக்கு நேரும் சேதம், அதைக் கடந்து போயிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதோடு ஒப்பிடுகையில் அற்பமானது. அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்ட இன்று, ஒரு காலத்தில் சில தடங்களில் மட்டும் இருந்த இந்த 4.67 மீட்டர் வரம்பு நாடெங்கும் பரவிவிட்டது.

ரயில்வே கேட்டுகளை அகற்றும் திட்டம் மற்றொரு வகையில் உயரத்தைப் பாதிக்கிறது. அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் அனைத்தும் 2019 ஜனவரி இறுதிக்குள் அகற்றப்பட்டன. உயிரிழப்பைத் தடுத்த வகையில் இது பெரிய சாதனை; இதில் ஐயமில்லை. அவற்றுள் பல இடங்களில் மாற்றாக அமைக்கப்பட்டவை 'வரையறுத்த உயரமுள்ள கீழ்ப்பாதைகள்'. பெயரே குறையையும் சொல்லிவிடுகிறது. ரயில் தடத்துக்குக் கீழே கான்கிரீட் பெட்டிகளைச் செலுத்திச் சில மணி நேரத்துக்குள் அமைத்துவிடக்கூடிய இப்பாதைகளின் உயரம் பெரும்பாலும் 4 மீட்டருக்குக் குறைவு. காரும் டிராக்டரும் தாராளமாகப் போகும். கரும்பு ஏற்றிய டிரெய்லர், வைக்கோல் போர் போல் உயர்ந்த லாரி, அறுவடை இயந்திரம் ஆகியவை போகும் என்று சொல்வதற்கில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களிலும் அறுவடை இயந்திரம் வயலுக்கு வர முடியாவிட்டால் விவசாயிக்கு நாட்கணக்கில் தாமதம் ஏற்படும். கோதுமை முற்றி நிற்கும் காலத்தில் நாள் என்பது பணம். தீயணைப்பு வண்டி எவ்வழியே வரும் என்பதையும் ஊரார் கேட்கத்தான் செய்வார்கள்.

கூடுதல் உயரம் ஏன் கொடுக்கப்படவில்லை என்பதற்கும் தக்க காரணங்கள் உள்ளன. தடத்தை உயர்த்த முடியாது. ஆகவே உயரத்தைக் கூட்டுவதென்றால் சாலையைத் தோண்ட வேண்டும். ஒரு மீட்டர் ஆழமாகத் தோண்டினால், நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில், இருபுறமும் நாற்பது நாற்பது மீட்டர் அணுகுசாலை நீள்கிறது. மேம்பாலத்துக்கும் இதே கணக்குத்தான். ஒரு மீட்டர் உயரம் என்பது 80 மீட்டர் நீளச் சாலையோரக் கடைகளையும் வீடுகளையும் குறிக்கும். தோண்டிய பள்ளத்தில் மழைநீர் சேரும். இறைப்பான் வைக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். மழை பெய்யும் இரவில்தான் மின்சாரம் தடைப்படுகிறது. டில்லியின் நடுவே உள்ள மின்டோ பாலத்தின் அடியில் 2020 ஜூலையில் தேங்கிய மழைநீரில் மூழ்கி வாகன ஓட்டி ஒருவர் உயிரிழந்தார். தலைநகரிலேயே இந்நிலை என்றால் வயல்வெளியின் நடுவிலுள்ள கீழ்ப்பாதையைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. ஆக, உயரத்துக்கும் வடிகாலுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு கீழ்ப்பாதைக்கும் தனித்தனியே அத்தேர்வைச் செய்வதைவிட, நான்கைந்து கேட்டுகள் உள்ள பகுதியில் ஒன்றையாவது முழு உயரம் உள்ளதாக அமைத்து, உயரமான வண்டிகளுக்கு அதுவே வழி என்று அறிவித்து, அங்கே செல்லும் இணைப்புச் சாலையையும் சேர்த்துப் போடுவது பொருந்தும். இதற்கு ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் திட்டம் வரையும் கட்டத்திலேயே ஒன்றாக உட்கார வேண்டும். கான்கிரீட் பெட்டி உள்ளே போனபின் கூட்டம் போடுவதில் பயனில்லை.

சரக்குப் பெட்டகங்களும் இரண்டடுக்கு ரயிலும்

துறைமுகங்களில் இறங்கும் சரக்குப் பெட்டகத்தின் வழக்கமான உயரம் எட்டரை அடி, அதாவது 2.59 மீட்டர். உலக வாணிகத்தில் இப்போது மிகுதியாகப் புழங்கும் உயரப் பெட்டகம் ஒன்பதரை அடி, அதாவது 2.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை குறைந்த, இடத்தை அடைக்கும் சரக்குகளுக்கு இதுவே இலாபம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், பழைய பெட்டகத்தோடு வண்டியின் மொத்த உயரம் 4.1 மீட்டர், புதியதோடு 4.4 மீட்டர். சாலைக் காங்கிரஸ் 1983-இல் பெட்டக வண்டிகளுக்குக் குறித்த உயரமோ 4.2 மீட்டர். கப்பல் கம்பெனிகள் பெட்டகத்தை ஓரடி உயர்த்தியபோது நம் நாட்டுச் சாலைப் பாலங்களைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. நாமும் விதிகளைத் தளர்த்தி அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 5 மீட்டரும் அதற்கு மேலும் இடைவெளி விட்டுக் கட்டிய பாலங்கள் இங்கே கைகொடுத்தன. அன்று செய்த செலவை வீண் என்று கருதியவர்கள் இருந்திருக்கக்கூடும்.

ரயில் துறை இக்கேள்வியை வேறு விதமாக எதிர்கொண்டது. பெட்டகத்தின் மீது பெட்டகம் வைத்து இரண்டடுக்காகக் கொண்டுசெல்லும் முறை 2006-இல் பிபாவாவ் துறைமுகத்துக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே டீசல் இஞ்சின்களைக் கொண்டு தொடங்கியது. மின்கம்பி இல்லாத தடமாதலால் உயரம் அங்கே தடையாகவில்லை. மின்மயமான தடத்திலும் இதைச் செய்வதற்கு, தாத்ரியிலிருந்து ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரையிலான மேற்குச் சரக்குத் தடத்தில் வண்டியின் உயர வரம்பு 7.1 மீட்டராக வகுக்கப்பட்டு, மின்கம்பி ஏழரை மீட்டருக்கும் மேலே கட்டப்பட்டது. 2021 ஜனவரி 7 அன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டடுக்குப் பெட்டக ரயில் மின்சார இஞ்சினால் இழுக்கப்பட்டு அத்தடத்தில் சென்றது. கிழக்குச் சரக்குத் தடத்தில் உயர வரம்பு 5.1 மீட்டர் மட்டுமே. நிலக்கரியும் இரும்பும் செல்லும் தடத்துக்கு அது போதும் என்று கருதப்பட்டது. எடையுள்ள சரக்கு உயரம் கேட்பதில்லை என்பதால் அம்முடிவு சரியானதே. ஆனால் அத்தடத்திலும் பெட்டகங்களை இரண்டடுக்காக ஏற்ற வேண்டும் என்று பின்னொரு நாள் தோன்றினால், மின்கம்பியோடு தடத்தின் குறுக்கேயுள்ள சாலை மேம்பாலங்களையும் உயர்த்த வேண்டிவரும்.

மின்கம்பிகள்

பாலத்தில் மோதுவதால் பெரும்பாலும் பொருள் சேதமே நேர்கிறது. மின்கம்பியில் உரசுவது உயிர் சேதம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், சாலையின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்கும், உயர் அழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்கும் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும் என்றன. சாலைக் காங்கிரஸ் தன் 1969-ஆம் ஆண்டுத் தரநிலையில் 650 வோல்ட் வரை 6 மீட்டரும், அதற்கு மேல் 6.5 மீட்டரும் கேட்டது. இரண்டு அமைப்புகள் இரண்டு எண்களைக் கூறுவதை இங்கும் காணலாம். இவ்வுயரம் கம்பியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் அளக்கப்பட வேண்டும்; அதுவும் கோடை வெப்பத்தில் கம்பி நீண்டு தொய்ந்திருக்கும் நிலைக்கு. மார்கழிக் குளிரில் அளந்தால் கம்பி நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

பஸ்ஸின் கூரையில் பயணம் செய்வதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆனால் திருமண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் அச்சட்டம் நினைவுக்கு வருவதில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் திருவிழாச் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொருவர் மாண்டனர். 2023 ஜூன் 28 அன்று திரிபுராவின் குமார்காட்டில் ஜகந்நாதரின் திரும்பு ரதம் மின்கம்பியில் பட்டு ஆறு பேருக்குக் குறையாமல் இறந்தனர். தேரும் சாலையில் செல்லும் உயரமான ஊர்திதான். ஆயினும் அது மோட்டார் வாகனம் அன்று. அதற்குப் பதிவும் இல்லை, உயர வரம்பும் இல்லை. ஊர்வலத்துக்கு அனுமதி வழங்கும் காவல் நிலையம் பாதையைக் கேட்கிறது, நேரத்தைக் கேட்கிறது. அலங்காரம் உட்பட ஊர்தியின் உயரம் எவ்வளவு என்ற ஒரு வரியை அந்த விண்ணப்பத்தில் சேர்த்து, அதன் படியை மின் வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கு அனுப்புவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

வீட்டு வண்டிகள்

அண்மைக் காலத்தில் இக்கணக்கில் ஒரு புதிய வகை சேர்ந்துள்ளது. படுக்கை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றோடு கூடிய கேரவன் வண்டிகளில் சுற்றுலா செல்வதை மத்திய சுற்றுலா அமைச்சகம் ஊக்குவித்து வருகிறது. கேரள அரசு 2021-இல் இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இவ்வண்டிகளின் கட்டுமானத்துக்கு வாகனத் தொழில் தரநிலைகளில் தனி அத்தியாயமே உண்டு. லாரியை ஓட்டுபவர் அதன் உயரத்தோடு பழகியவர். வழியும் அவருக்குத் தெரியும். கேரவனை ஓட்டுபவரோ பெரும்பாலும் கார் ஓட்டிப் பழகியவர். கார் ஓட்டுநருக்குத் தலைக்கு மேலே பார்க்கும் வழக்கமில்லை.

பதிவுச் சமயத்தில் அளந்த உயரத்துக்குப் பின் கூரையில் குளிர்சாதனப் பெட்டி வருகிறது. சூரியத் தகடுகள் வருகின்றன. தொலைக்காட்சிக்கான தட்டு வருகிறது. பயணத்தின்போது பெட்டி படுக்கைகளும் ஏறுகின்றன. நெடுஞ்சாலையில் இவற்றால் இடையூறு இல்லை. சிக்கல் தொடங்குவது நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபின்: பெட்ரோல் நிலையத்தின் கூரை, விடுதியின் முகப்பு மண்டபம், கனரக வண்டிகளைத் தடுப்பதற்காக ஊருக்குள் நிறுத்திய குறுக்குச் சட்டம், புளியமரத்தின் தாழ்ந்த கிளை. இமாசலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டத்தில் தராண்டா அருகே மலையைக் குடைந்து அமைத்த சாலையில், பாறையே கூரைபோல் சாலையின் மேல் கவிந்து நிற்கிறது. அங்கே மலைப்புறமாக ஒதுங்கும் உயரமான வண்டி பாறையில் உரசும். பள்ளத்தாக்கின் பக்கம் ஒதுங்க எவரும் விரும்பார்.

ஆகவே கேரவனின் உயரத்தை எல்லாப் பொருத்தல்களும் முடிந்தபின், தண்ணீர்த் தொட்டி காலியாகவும் டயர்களில் முழுக் காற்றோடும் இருக்கும் நிலையில், சமதளத்தில் அளப்பது நல்லது; அந்நிலையில்தான் வண்டி மிக உயர்ந்து நிற்கும். அவ்வெண்ணோடு ஒரு சாணளவு கூட்டி, ஓட்டுநரின் கண்ணெதிரே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். மீட்டரிலும் அடியிலும் எழுத வேண்டும். சாலைப் பலகைகள் மீட்டரில் பேசினாலும், வழிகேட்கும் இடத்தில் டீக்கடைக்காரர் பாலம் பன்னிரண்டடி என்றுதான் சொல்வார்.